கில்பிரானில் ‘கீழ்’ எங்கே இருக்கிறது?

ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டு: ஒரு நல்ல மழைச்சட்டை, கொஞ்சம் கேலிக் மொழி. கேலிக் படிக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அம்மா பதறிப்போனார். அது ஸ்கொட்லாந்தின் பழைய மொழி, இங்கிலிஷ் அல்ல என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அங்கே ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப் பெயரை இரண்டு மொழியிலும் எழுதியிருப்பார்கள். இரண்டாவது வரியைப் படிக்கும் ஆசையில் மாலை வகுப்பில் சேர்ந்தவள், ஊர்ப் பெயர்ப் பைத்தியமாகக் கொழும்புக்குத் திரும்பினேன்.

வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நம் மலையகத் தேயிலைத் தோட்டங்கள் எத்தனைக்கோ அந்த ஊர்ப் பெயர்கள்தான். காடு வெட்டித் தோட்டம் போட்ட ஸ்கொட்லாந்துத் துரைமார், பிறந்த ஊரின் பெயரைக் கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயரில் ‘கிளென்’ வந்தால் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. ‘ஸ்ட்ராத்’ என்றால் அகன்ற பள்ளத்தாக்கு. ‘இன்வர்’ ஆறு போய்ச் சேரும் வாய். ‘கிரேக்’ பாறை. இந்தப் பொருள்களைத் தேடி எழுதுவதுதான் இந்த வலைப்பதிவின் வேலை. படிப்பவர்கள் கொஞ்சப் பேர், அதில் பாதி என் சொந்தக்காரர்கள்.

சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடமிருந்து ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. பெயர் எமல்டா, டிக்கோயாவுக்கு மேலே கில்பிரான் என்ற தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ‘கில் என்றால் கேலிக்கில் என்ன அர்த்தம்? சீக்கிரம் தெரிய வேண்டும். மழைக்கு முன் எட்டுக் குடும்பங்கள் வீடு மாற வேண்டும், பெயர்ச் சண்டையில் மாறாமல் இருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தார். பெயரின் பொருளை யாராவது அவசரமாகக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதிலை எழுதியே அனுப்பியிருக்கலாம். ஆனால் இடத்தைப் பார்க்காமல் பெயருக்குப் பொருள் சொல்லக் கூடாது என்பது எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். போகவும் ஆசையாக இருந்தது என்பதை மறைப்பானேன். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.55க்குப் புறப்படும் பதுளை ரயிலைப் பிடியுங்கள். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகும் காலம் என்பதால் முன்பதிவு கிடைக்கவில்லை, நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே போனேன். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் நகர்ந்து எனக்கு அரை இருக்கை தந்தது. ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றேகால். நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் இஞ்சித் தேநீர், இரண்டு உளுந்து வடை. டிக்கோயாவுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான், மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினால் கால் மணிக்குள் இறங்கிவிடலாம்.

டிக்கோயாச் சந்தியிலிருந்து கில்பிரான் ஏழு கிலோமீட்டர். பஸ் கிடையாது. ஓட்டோவுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய், பேரம் பேசாதீர்கள், அந்தப் பாதையைப் பார்த்த பிறகு உங்களுக்கே இன்னும் கொடுக்கத் தோன்றும். ஓட்டிவந்தவர் யோகராஜ், அதே தோட்டத்துக்காரர். வழியில் டிரம்மோர் என்ற பலகையைக் கண்டதும் நான் நிறுத்தச் சொன்னேன். ‘டிரம்’ என்றால் முதுகு மாதிரி நீண்ட மலைமுகடு, ‘மோர்’ என்றால் பெரியது. யோகராஜ் ஏற்றுக்கொள்ளவில்லை. ரோட்டுப் போடும்போது அங்கே தார் டிரம் அடுக்கி வைத்திருந்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்றார். மோர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெயிலில் தார் ஊற்றினவர்களுக்கு மோர் கொடுத்திருப்பார்கள் என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். இப்படி ஒரு ஆளை வகுப்பில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் நான் இன்னும் நன்றாகப் படித்திருப்பேன்.

எமல்டா பள்ளிக்கூட வாசலில் நின்றார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு வேகமாக நடப்பவர். முதலில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு முடிப்பதற்குள் முழுக் கதையும் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். இரண்டு பக்கமும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லய வீடுகள். ஒன்றைக் கீழ்ப்பிரான் என்கிறார்கள், மற்றதை மேப்பிரான். இங்கிலிஷ் பலகையில் இருப்பது கில்பிரான் என்ற ஒரே பெயர். முதல் லயம் கட்டிய காலத்தில் ‘கில்’ என்று துரை சொன்னதைச் சனங்கள் ‘கீழ்’ என்று காதில் வாங்கியிருக்கிறார்கள். கீழ் ஒன்று இருந்தால் மேல் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டிய லயத்துக்கு மேப்பிரான் என்று தாங்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். எமல்டா சிரிக்கவில்லை.

பெயர் பெயரோடு நிற்கவில்லை என்றார். திருவிழாவில் தேர் முதலில் மேப்பிரானுக்குத்தான் போகும், முதல் மரியாதையும் அங்கேதான். மேப்பிரான்காரர் கீழ்ப்பிரானில் பெண் எடுப்பார்கள், கீழ்ப்பிரானுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டால் ‘நீ கீழ ஆளு’ என்பதுதான் கடைசி அடி. இப்போது இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருபது புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மேப்பிரானுக்குப் பன்னிரண்டு, கீழ்ப்பிரானுக்கு எட்டு. அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும், பெயர் இருந்தால்தான் வீட்டுக்கு முகவரி. மேப்பிரான்காரர்கள் கூடி ‘மேப்பிரான்புரம்’ என்று முடிவு செய்துவிட்டார்கள். கீழ்ப்பிரான் எட்டுக் குடும்பமும் அந்தப் பெயரில் குடிபோக மாட்டோம் என்று லயத்திலேயே இருக்கிறார்கள்.

அந்த லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. போன வருட மழையில் அதில் வெடிப்பு விட்டிருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, அடுத்த மழைக்கு முன் யாரும் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். எட்டில் ஒன்று எமல்டாவின் அம்மாவின் வீடு. மகள் எவ்வளவு சொல்லியும் அம்மா அசையவில்லையாம்.

பின்னேரம் எல்லாவற்றையும் நடந்து பார்த்தோம். வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. லயத்தின் கடைசிக் காம்பிராவில், அதாவது அந்த ஒற்றை அறை வீட்டில், புஷ்பம் என்பவர் இருந்தார். கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். எட்டுக் குடும்பமும் அவர் வாயைப் பார்த்துத்தான் நிற்கிறது என்று எமல்டா சொல்லியிருந்தார். பயமாக இல்லையா என்று கேட்டேன். ராத்திரி மழை பெய்தால் பிள்ளைகளை எழுப்பி உடுப்போடு உட்கார வைத்துக்கொள்வதாகச் சாதாரணமாகச் சொன்னார்.

ஓடையைத் தாண்டி மேப்பிரானுக்கு வந்ததும் ஒரு சந்தேகம் வந்து கைபேசியில் உயரத்தைப் பார்த்தேன். கீழ்ப்பிரான் லயம் 1,390 மீட்டர். மேப்பிரான் லயம் 1,352. கைபேசி கொஞ்சம் முன்பின்னாகச் சொல்லும்தான், ஆனால் மூச்சு வாங்கியதை வைத்தே சொல்லலாம், கீழ்ப்பிரான்தான் மேலே இருக்கிறது. எமல்டாவிடம் காட்டினேன். அது எல்லாருக்கும் தெரியும் அக்கா, தண்ணி அங்கிருந்துதானே இங்கே வருது என்றார்.

மறுநாள் பெயரைப் பற்றி ஊர்க் கூட்டம், அதில் நான் பேச வேண்டும் என்றார் எமல்டா. சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். ‘கில்’ என்பது ‘கில்’ அல்ல. கேலிக்கில் அதை நீட்டி, ஏறக்குறைய ‘கீல்’ என்றுதான் சொல்வார்கள். இங்கிலிஷ் உச்சரிப்பில் குறுகியதை நம் சனங்கள் காதால் திரும்ப நீட்டியிருக்கிறார்கள். பொருள், முதலில் ஒரு துறவி தனியாக இருக்கும் சிறு குடில். பிறகு அந்த இடத்தில் எழும் கோயில். கிறிஸ்தவக் கோயில். ‘பிரான்’ பழைய கேலிக்கில் அண்டங்காக்கை. அந்தப் பெயருடைய துறவி ஒருவரும் இருந்திருக்கலாம். மேல், கீழ் எதுவும் அதில் கிடையாது.

எமல்டாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மாறாக வாடிவிட்டது. கீழ்ப்பிரான் எட்டுக் குடும்பத்தில் நாலு கத்தோலிக்கக் குடும்பம், அவர்களுடையதும் சேர்த்து. மேப்பிரான் முழுக்க இந்துக்கள்.

“சர்ச்சுன்னு சொன்னா, பேர நாங்க சர்ச்சுக்காக மாத்தப் பாக்குறோம்னு ஆயிரும்க்கா. இதுவரைக்கும் அந்தச் சண்ட மட்டும்தான் இங்க இல்ல. சாமியார் இருந்த எடம்னு மட்டும் சொல்லிட்டு விட்டுருங்க.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பொய் சொல்லச் சொல்லவும் இல்லை. இருந்தாலும் அவர் வீட்டில் போர்வைக்குள் புகுந்த பிறகும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாதிப் பொருளைச் சொல்லிவிட்டு, மீதியை எவனாவது கைபேசியில் தேடிக் கண்டுபிடித்தால் பழி எமல்டா தலையில்தான் விழும். முழுதாகச் சொல்வது என்று முடிவு செய்து, காலையில் அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். தலைமை ராமையா, தோட்டத் தலைவர், மேப்பிரான்காரர். வெள்ளைச் சட்டையும் ஸ்வெட்டரும், மெதுவான பேச்சு. என்னை முன்னால் உட்கார வைத்து மரியாதையாகப் பேச அழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்டங்காக்கை என்றதும் சிரிப்பு எழுந்தது, சனீஸ்வரன் வாகனமா, ஏழரைச் சனியே இன்னும் முடியவில்லை என்றார் யோகராஜ். கோயில் என்று சொல்லி, யாருடைய கோயில் என்பதையும் சொன்னதும் சிரிப்பு நின்றது. பின்வரிசையில் முணுமுணுப்பு. எமல்டா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அதற்கும் ஒரு மருந்து கொண்டுவந்திருந்தேன். ராத்திரி யோசித்து வைத்தது. குடில் என்றால் இந்துக்களுக்கு முனிவர் இருந்த இடம், கத்தோலிக்கருக்குக் கிறிஸ்து பிறந்த இடம். மேலும் இல்லை, கீழும் இல்லை. ‘குடில்’ என்றே பெயர் வைக்கலாமே என்றேன். நல்ல யோசனை என்று எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது. சிலர் தலையாட்டவும் செய்தார்கள். அப்போது புஷ்பம் எழுந்தார்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. நான் பொறந்தது காம்பிராவுல, எங்கம்மா பொறந்ததும் அதே காம்பிராவுல. இப்பத்தான் நாலு செவுரும் நம்மளுதுன்னு ஒரு வீடு வந்துருக்கு. அதுக்குப் போயி குடிசைன்னு பேரு வைக்கச் சொல்றீங்களே.”

கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது. குடில் வேறு, குடிசை வேறு என்று விளக்க வாயெடுத்து, நல்ல வேளையாக மூடிக்கொண்டேன். அந்த மண்டபத்தில் அன்றைக்கு அது வேறு இல்லை.

ராமையா இவ்வளவு நேரமும் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளைக்காரன் வைத்த பெயரில் மேல் என்பது எங்கேயாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். கீழ்ப்பிரான்காரர் பக்கம் ஒரு சலசலப்பு. அவர்களுடையது பிழையாகக் கேட்ட பெயர் என்றாலும் ஒரு பெயரிலிருந்து வந்தது. மேப்பிரானுக்கு அந்த வேர்கூட இல்லை. அது ராமையாவுக்கும் புரிந்துவிட்டது.

“எங்கப்பாவப் பொதச்ச எடத்துல மேப்பிரான்னுதாங்க கல்லுல வெட்டியிருக்கு. அப்ப அது பொய்ப் பேருங்களா?”

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. ஐயா, கில்பிரான் என்பது துரை ஊரிலிருந்து கொண்டுவந்த பெயர், மேப்பிரான் நீங்கள் இந்த மண்ணில் வைத்த பெயர், என் கொப்பியில் இரண்டையும் பெயர் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் தலையை அசைத்தார். ஆனால் உட்காரவில்லை. புஷ்பமும் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“தலைவரே, அந்தப் பேர யாரும் கல்லுலேருந்து எடுக்கச் சொல்லல. உங்களுது உங்களுக்கு இருக்கட்டும், எங்களுது எங்களுக்கு இருக்கட்டும். புது எடத்துக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம். மிச்சம் இருக்குறத வைங்க. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்துர்றோம்.”

மிச்சம் இருந்தது ‘பிரான்’. யாரோ அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். சிவபிரான் என்றார் பூசாரி. எங்கள் செபத்திலும் இயேசுபிரான் என்று வரும் என்று, அன்று முதல் தடவையாக எமல்டா வாயைத் திறந்தார். காக்காவும் ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் யோகராஜ். ராமையா வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வந்தவர் வாக்கெடுக்கக் கையெல்லாம் தூக்கச் சொல்லவில்லை. எட்டு வீட்டுச் சாவியும் கோயில் பெட்டியில் இருக்கிறது, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் புஷ்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் நான் கிளம்பும்போது எமல்டாவின் அம்மா அம்மிக்கல்லை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மியோடு சேர்த்து என்னையும் ஏற்ற இடமில்லை என்பதால் யோகராஜ் என்னைக் காத்திருக்கச் சொன்னார். மதிய ரயிலைத் தவறவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

இதே மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சிவனொளிபாத மலைக் காலத்தில் போவதானால் ரயிலில் இடத்தை முன்னாலேயே பதிந்துவிடுங்கள், அல்லது வார நாளில் போங்கள். ஹட்டனில் தங்க விடுதிகள் உண்டு, தோட்டங்களுக்குள் கிடையாது. பகலில் வெயில் அடித்தாலும் நாலு மணிக்குப் பிறகு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. காலில் ஏறும் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துப் போங்கள். லயத்துக்குள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது வீட்டு வாசல். பெயர் சேகரிக்கப் போகிறவர்கள் பலகையில் உள்ள பெயரை எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த இடத்தை நீங்க என்னன்னு சொல்வீங்க என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். அகராதியில் இருக்கும் பொருள் பாதிதான், அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்து கேட்கவும் தெரிய வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது வேலை இன்னும் சரியாக வரவில்லை.

இந்தப் பதிவை எழுதிவிட்டு, படங்களைச் சரிசெய்ய வேண்டும் என்ற சோம்பலில் மாதக்கணக்காகப் போட்டுவைத்திருந்தேன். ஜூனில் அந்தப் பக்கம் விடாத மழை. ஒரு காலையில் எமல்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கீழ்ப்பிரான் லயம். பாதிக் கூரை தெரிந்தது. கடைசிக் காம்பிரா இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் ஒரு சவுக்கு மரத்தின் வேரும் மட்டும் இருந்தன. எமல்டாவுக்கு அழைத்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது.

“எல்லாரும் பிரான்லதான்க்கா இருக்காங்க.”